குறையில் நிறைவு காணலாமா?

மனிதன் மகிழ்ச்சியை நாடிப் புறப்படும்போதெல்லாம் மனத்துக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டே புறப்படுகிறான். வானம் தெளிந்திருக்க வேண்டும். வழி சீராக இருக்க வேண்டும். போகும் இடம் கேள்விப்பட்டபடியே அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நாளே கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்கிறான். வேறு சிலரோ எது குறைந்தாலும் அகம் மலர்ந்தே வீடு திரும்புகின்றனர். அத்தகையோரை நிறைமனத்தார் என்று நாம் போற்றுகிறோம். இந்தப் போற்றுதல் எப்போதும் பொருந்துமா? குறையில் நிறைவு காண்பது எந்நிலையிலும் பண்பாகுமா? இவ்வினாவை என்முன் வைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி.

தொடக்கப்பள்ளியில் என்னிடம் பயின்ற அவள், இன்று சுவிட்சர்லாந்தில் பொறியாளராகப் பணிபுரிகிறாள். ஆண்டுக்கு இருமுறையேனும் எனக்கு மடல் எழுதுவது அவள் வழக்கம். சென்ற குளிர்காலத்தில் உடன் பணிபுரியும் மூவரோடு ஆல்ப்சு மலைச் சிற்றூர் ஒன்றுக்குப் பனிச்சறுக்கு விளையாடச் சென்றதைப் பற்றி எழுதியிருந்தாள். பல மாதங்கள் பணம் சேர்த்துத் திட்டமிட்ட பயணம். போய்ப் பார்த்தால் மலைச்சரிவில் பனி இல்லை. எந்திரம் கொண்டு தூவிய செயற்கைப் பனி ஒரு வெள்ளைப் பட்டையாக நடுவில் கிடந்ததாம். இருபுறமும் பழுத்துக் கிடந்த புல்தரை. நண்பகலுக்குப் பின் அந்தப் பட்டையும் இளகிச் சேறாயிற்று. ஆயினும் நால்வரும் சறுக்கினர்; விழுந்தனர்; ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுச் சிரித்தனர்; மரக்குடில் ஒன்றில் அமர்ந்து சூடான சாறு குடித்தனர். "ஐயா, என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்ததில்லை" என்று எழுதியவள் அடுத்த வரியில் மாறினாள். "திரும்பி வரும்போது தொடர்வண்டியில் எங்களுள் ஒருவர் மட்டும் பேசாமல் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அந்தச் சிற்றூரில் பிறந்தவர். அங்கே நான் மகிழ்ந்தது சரிதானா ஐயா?"

ஆசிரியனாக என் வாழ்வில் எத்தனையோ கேள்விகளுக்கு உடனுக்குடன் விடை சொல்லியிருக்கிறேன். இதற்கு விடை எழுத எனக்குப் பல வாரங்கள் ஆயின.

பனி என்னும் சொல்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். ஆனால் அவர்கள் அறிந்த பனி புல்நுனியில் நிற்கும் துளியும், விடியலில் வயலை மூடும் புகைபோன்ற திரையுமே ஆகும். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கித் தரையில் ஆளுயரம் குவியும் பனியை நம் ஐந்திணை அறியாது. அதனால் துளிக்கும் திரைக்கும் குவியலுக்கும் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வேண்டும்போது முன்னொட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் மலேசியர்களாகிய நாமும் அவ்வாறே. 2018ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் நம் நாடு முதன்முதலாகக் கலந்துகொண்டது. ஒருவர் பனிச்சறுக்கிலும் ஒருவர் பனித்தளச் சறுக்காட்டத்திலும் பங்கேற்றனர்.

ஆகவே மாணவியின் பனியைப் பற்றிப் பேச எனக்கு அனுபவத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்த பனி பினாங்குக் கொடிமலையின் மூடுபனி. அந்த மூடுபனியில் நானும் நண்பர்களும் கழித்த ஒரு நாளை வைத்தே அவள் வினாவை ஆராயப் புகுந்தேன்.

கொடிமலையில் ஒரு நாள்

சார்ச்டவுன் நகருக்குப் பின்னே எழுந்து நிற்கும் கொடிமலையை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. மலையேற ஊர்தி அமைக்கும் முதல் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல்வியுற்றது. பின்னர் மீண்டும் திட்டமிட்டு, கம்பிவடம் இழுக்கும் ஊர்தி 1923இல் ஓடத் தொடங்கி, 1924ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் முறைப்படி திறக்கப்பட்டது. நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறும் பழைய முறை 2010இல் முடிவுக்கு வந்து, 2011 முதல் ஒரே மூச்சில் மேலேறும் புதிய ஊர்தி ஓடுகிறது. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து உள்ளன. 2021இல் யுனெசுகோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வானம் தெளிந்த நாளில் நகரமும் நீரிணையும், 1985இல் திறந்த முதற்பாலமும் 2014இல் திறந்த இரண்டாம் பாலமும், வடக்கே கெடா மாநிலத்தின் செராய் மலையும் அங்கிருந்து தெரியும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் படித்துறங்கிய நாங்கள் ஐவர், சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு அடுத்த நாளில் அங்கே கூடினோம். அழைத்தவர் சொகூர் பாருவிலிருந்து வந்த நண்பர். சிறுநீரகம் பழுதாகி வாரம் மும்முறை குருதிச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரு சிகிச்சைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் வந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு விருப்பம்: கொடிமலையிலிருந்து செராய் மலையைக் காண வேண்டும்.

அம்மலையின் கிழக்கடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பால்மரங்கள் நின்ற இடத்தில் அடுக்கு வீடுகள் வந்துவிட்டன. பிறந்த மண்ணின் அடையாளமாக அவருக்கு எஞ்சி நின்றது 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஒன்றே.

நாங்கள் மேலே போய் இறங்கியபோது கையெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமீது ஏறும்போது குளிர்ந்து முகிலாகிறது. மழைமாதங்களில் அது மலைமுடியைவிட்டு எளிதில் அகல்வதில்லை. இதை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் நாங்கள் ஐவரும் அன்று அதை மறந்து மலையேறியிருந்தோம். எங்களுள் வேடிக்கைப் பேச்சுக்காரர் ஒருவர், காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கியில் ஒரு காசைப் போட்டுக் கண்ணை வைத்தார். "என்ன தெரிகிறது வாத்தியாரே?" என்றோம். "வெள்ளை நிறம் மிக அருகில் தெரிகிறது" என்றார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் ஏமாற்றம் முதலில் தளர்ந்தது.

கூரைக்கடியில் ஒரு நீளப்பலகையில் அமர்ந்தோம். தீபாவளி முறுக்கும் அதிரசமும் கைமாறின. சொகூர் நண்பர் வெண்திரையைச் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினார். "அதோ அங்கேதான் மலை. அதன் பின்புறம் எங்கள் லயம். விடியலில் என் அப்பா பெரட்டுக்குப் போகுமுன் வாசலில் நின்று மலைமுடியைத்தான் பார்ப்பார். முடியில் முகில் இறங்கியிருந்தால் மழை. மழை வந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. அப்பா வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கோ ஒரே கொண்டாட்டம். அம்மா ஏன் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாள் என்பது மட்டும் அப்போது எனக்கு விளங்கவில்லை."

மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தோம். மலை தெரியவே இல்லை. ஆனால் முப்பதாண்டுக்கு மேல் பழகியும் நாங்கள் அறியாத ஒரு சிறுவனை அன்று அறிந்தோம். வானம் தெளிந்திருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உணவுக்கடை தேடிப் போயிருப்போம். கீழே இறங்கும்போது அவர், "நல்ல நாள்" என்றார். உண்மையாகவே சொன்னார்.

அடுத்த தீபாவளிக்கு அவர் எங்களோடு இல்லை.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "மூடுபனி வந்ததே நல்லதாயிற்று" என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது பொய். அவர் காண விரும்பியது செராய் மலையை. அதை அவர் காணவில்லை. இனிக் காணவும் மாட்டார். அந்த இழப்பு இழப்பாகவே நிற்கிறது. அன்றைய மகிழ்ச்சியும் மகிழ்ச்சியாகவே நிற்கிறது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. குறையில் நிறைவு காண்பதற்கு முதல் நெறி இதுவே என்று கருதுகிறேன்: குறையைக் குறை என்றே சொல்ல வேண்டும். மெலிந்த பனியை நிறைந்த பனி என்று தன்னையே நம்பவைப்பவன் ஏமாற்றத்திலிருந்து தப்பலாம். அவன் காண்பது நிறைவாகாது.

ஒழுகிய கூரை

இந்நிலையில் என் மனச்சான்று மற்றொரு நிகழ்ச்சியை நினைவூட்டிற்று. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு தோட்டப்புறப் பள்ளியில் இருந்தேன். மழைக்காலத்தில் என் வகுப்பின் கூரை ஒழுகும். மூலையில் வாளி வைப்போம். மேசைகளைச் சுவரோரம் தள்ளுவோம். பாடம் நடத்த முடியாதபோது பாட்டுப் பாடுவோம். வாளியில் விழும் சொட்டுக்கு ஏற்பத் தாளம் போடப் பிள்ளைகள் பழகிவிட்டனர். மழை வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கும் பெருமை. குறையையும் இன்பமாக்கிக் காட்டும் ஆசிரியன் நான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் பொறுப்பிலுள்ளவர் ஒருவர் பார்வையிட வந்தார். அன்றும் மழை. பிள்ளைகள் சிரித்த முகத்தோடு தாளம் போட்டுப் பாடினர். அவர் மகிழ்ந்து கைதட்டினார். "பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள், கூரையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் போனார். அடுத்த ஆண்டும் வாளி அங்கேயே இருந்தது. அவ்வாண்டு மழைக்காலத்தில் நனைந்த தரையில் வழுக்கி விழுந்து ஒரு சிறுமி கையை முறித்துக்கொண்டாள். அவள் தாய் என்னிடம் சினந்து பேசவில்லை. "பிள்ளைக்கு உங்கள் வகுப்பு என்றால் உயிர் ஐயா" என்றே சொன்னார். அச்சொல் சினத்தைவிட ஆழமாகத் தைத்தது. அதன் பிறகே நான் பேனாவை எடுத்து எழுத வேண்டிய கடிதங்களை எழுதினேன்.

அந்தப் பாட்டுகளுக்காக நான் இன்றும் வருந்தவில்லை. பாட்டோடு நின்றுவிட்டதற்காகவே வருந்துகிறேன். நனைந்தவை பிள்ளைகளின் தலைகள்; அவர்கள் சார்பில் நிறைவு கொள்ள எனக்கு உரிமை இருக்கவில்லை. சொகூர் நண்பரின் தாயும் அடுப்படியில் நின்று இதையேதான் எனக்குச் சொல்கிறாள். அந்தச் சிறுவனின் மகிழ்ச்சியில் குற்றமில்லை, அவன் சிறுவன். வளர்ந்த ஒருவன், தன் மகிழ்ச்சிக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் கூலி இழந்து நிற்கிறார் என்பதை அறியாதிருந்தால் அது குற்றமாகும்.

இரு வெண்திரைகள்

பினாங்கு வாழ் மக்கள் இருவகை வெண்திரைகளை அறிவர். ஒன்று மூடுபனி, மற்றொன்று புகைமூட்டம். தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் கடலை மறைக்கும். இரண்டும் செராய் மலையை மறைக்கும். ஆனால் மூடுபனி எவர் செய்ததும் அன்று. புகைமூட்டம் மனிதக் கை செய்தது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் நிலத்தைத் திருத்த வைக்கும் தீ, வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட கரிச்சதுப்பு நிலத்துக்குள் இறங்கி வாரக்கணக்கில் கனன்று, காற்றோடு இங்கே வருகிறது. 1997இல் சரவாக்கில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. 2015இலும் 2019இலும் நம் நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிகளை மூட நேர்ந்தது. ஆசியான் நாடுகள் எல்லை கடந்த புகைமாசு பற்றிய உடன்படிக்கையில் 2002இல் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதனை ஏற்றுக்கொண்டது 2014இல்தான்.

மூடுபனியின்முன் அமர்ந்து முறுக்குத் தின்று சிரிப்பது பண்பு. புகைமூட்டத்தின்முன் அமர்ந்து, "இதுவும் ஓர் அழகுதான்" என்று பாடுபவனை என்னென்பது? அவன் அருகிலேயே இளைப்பு நோயுள்ள குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. ஆதலின் இரண்டாம் நெறி பிறக்கிறது: திரை எதனால் ஆனது என்று கேட்க வேண்டும். இயற்கை தந்த குறையா, கை செய்த குறையா?

கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்டெட்டசு, நம் ஆற்றலுக்கு உட்பட்டவை, உட்படாதவை என உலகப் பொருள்களை இரண்டாகப் பகுத்தார். உட்படாதவற்றுக்காகக் கலங்காதே என்றார். அடிமையாக வாழ்ந்து பார்த்தவர் சொன்ன அறிவுரை ஆதலின் அதற்கு எடை மிகுதி. ஆயினும் அந்த எல்லைக்கோடு என்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர் காலத்தில் அடிமைமுறை மழைபோல், வெயில்போல், மாற்றவொண்ணாததாகத் தோன்றியிருக்கும். 1833இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அதைச் சட்டத்தால் ஒழித்தபோது, அதுவும் கைசெய்த குறையே என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. 'நம்மால் ஆகாது' என்று நாம் எழுதிவைத்த பட்டியலை அவ்வப்போது எடுத்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

மெலியும் பனி

இப்போது மாணவியின் பனிக்குத் திரும்புவோம். முன்னாளில் பனி குறைந்த குளிர்காலம் மூடுபனியைப் போன்றது. ஓராண்டு குறையும், மறு ஆண்டு நிறையும். இன்று அது அவ்வாறு இல்லை. பொலிவியா நாட்டில் 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் சக்கால்தாயா என்னும் பனியாறு இருந்தது. உலகிலேயே மிக உயரமான சறுக்குத்தளம் எனப் புகழ்பெற்ற அவ்விடத்தில் பனியாறு 2009இல் முற்றும் மறைந்தது. 2022இல் பெய்ச்சிங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ முழுமையும் செயற்கைப் பனியின்மேல் நடந்தன. காசுமீரத்தின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள சறுக்குத்தலம். 2024 சனவரியில் அது பனியின்றிப் பழுப்பு நிறத்தில் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த இந்தியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டன. ஓர் ஆண்டின் குறைவுக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. காற்றோட்டமும் கடலும் அவ்வப்போது மாறுவன. ஆனால் நெடும்போக்கில் புவி சூடேறி வருவதும், அதில் மனிதன் எரித்த கரிக்கும் எண்ணெய்க்கும் பெரும்பங்கு உண்டென்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை. சுவிட்சர்லாந்து உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சூடேறியுள்ளது.

எனவே அந்தப் பெண் கண்ட மெலிந்த பனி பாதி மூடுபனி, பாதி புகைமூட்டம். ஒரு நாள் விளையாட்டை இழந்தவள் அவள். தன் ஊரின் குளிர்காலத்தையே இழந்துகொண்டிருப்பவர் சன்னலோரம் அமர்ந்திருந்த நண்பர். ஊர்தி ஓட்டுபவர், சறுக்குக் கற்பிப்பவர், விடுதியில் சமைப்பவர் எனப் பனியை நம்பிப் பிழைப்போர் அங்கே பலர். அவர்களுக்குப் பனி இல்லாத நாள், தோட்டத்தில் மழைபெய்த நாளுக்கு ஒப்பானது.

வள்ளுவர் வைத்த வரிசை

இத்தனையும் அறிந்த பின் எவராவது சிரிக்க முடியுமா என்று கேட்கலாம். உலகின் குறையெல்லாம் தீர்ந்த பிறகே மகிழ்வேன் என்று ஒருவன் விரதம் பூண்டால், அவனும் மகிழமாட்டான். அவனைச் சுற்றியுள்ளோரும் மகிழமாட்டார். தோட்டத்து லயங்களில் வறுமை இருந்தது. பொங்கலும் கூத்தும் திருவிழாவும் அங்கேதான் இருந்தன. அந்த மகிழ்ச்சி இல்லாதிருந்தால் அம்மக்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட எழுந்திருப்பார்களா? வாடிய மனம் கூரையைச் செப்பனிடுவதில்லை.

இவ்விடத்தில் திருக்குறளின் அதிகார வைப்பு எனக்கு வழிகாட்டிற்று. துன்பத்தில் மனங்கலங்காமையைக் கூறும் 'இடுக்கணழியாமை' அறுபத்து மூன்றாம் அதிகாரம். அதற்கு முன் நிற்பவை எவை? அறுபதில் ஊக்கமுடைமை, அறுபத்தொன்றில் மடியின்மை, அறுபத்திரண்டில் ஆள்வினையுடைமை. ஊக்கங்கொண்டு, சோம்பலை விட்டு, முயற்சியைச் செய்து முடித்தவனுக்கே கலங்காமை இறுதியில் வருகிறது. முயற்சிக்கு முன்னே அதை வைத்திருந்தால் அது சோம்பலுக்குப் போர்வையாகியிருக்கும். நானோ அந்த ஒழுகிய வகுப்பில் அறுபத்து மூன்றை முதலில் நடத்திவிட்டு, முந்தைய மூன்றையும் நடத்தாமல் விட்டுவிட்ட ஆசிரியனாக இருந்தேன்.

மாணவிக்கு எழுதிய விடையின் சாரம் இது: "நீ மகிழ்ந்தது சரியே. உனக்குக் கிடைத்த பனி மெலிந்தது. அதில் நிறைவு காண உனக்கு முழு உரிமை உண்டு. உன் மகிழ்ச்சி பனியிலிருந்து வரவில்லை. தூக்கிவிட நீண்ட கைகளிலிருந்து வந்தது. ஆனால் பனி நன்றாகவே இருந்தது என்று எவரிடமும் சொல்லாதே. உன் குறையில் நீ நிறைவு காணலாம். பிறர் குறையில் நிறைவு காண நமக்கு உரிமை இல்லை. சன்னலோரம் அமர்ந்திருந்தவரிடம் போய், அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே பனி எப்படி இருந்தது என்று கேள். அவர் சொல்வதை முழுவதும் கேள். பிறகு நீ பொறியாளர் என்பதை நினைவில் கொள்."

அவள் கேட்டாள். அவர் இரண்டு மணி நேரம் பேசினாராம். அவர் பாட்டனார் வீட்டு வாசலைத் திறக்கப் பனியை வாரிக் கொட்ட வேண்டியிருந்த காலைகளைப் பற்றிச் சொன்னாராம். வரும் குளிர்காலத்தில் பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நால்வரும் அதே ஊருக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நாங்கள் நால்வரும் சென்ற ஆண்டு மீண்டும் கொடிமலைக்குப் போனோம். வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்தது. நீரிணைக்கு அப்பால் செராய் மலை நீலநிறத்தில் முழுதாய் நின்றது. வேடிக்கைப் பேச்சுக்காரர் தொலைநோக்கியின் பக்கம் போகவில்லை. நெடுநேரம் நின்று பார்த்தோம். ஐவருக்கும் சேர்த்துப் பார்த்தோம்.